பேரன் வீட்டில் நூறு நாள்



வெளிநாடு சென்று வந்தவர்களிடம் நாம் முதலில் கேட்பது, "அங்கே என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் நானும் என் துணைவியாரும் கனடா நாட்டு டொரான்டோ நகரில் எங்கள் மகன் வீட்டில் நூறு நாள் தங்கித் திரும்பியபோது, ஊராரும் அதையே கேட்டனர். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். கடலோ என்று ஐயுறும்படி பரந்து கிடக்கும் ஒன்டாரியோ ஏரியையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதியவர் பலர். நான் இன்று சொல்ல விரும்புவது வேறு. ஒரு வீட்டில் விருந்தினராக நுழைந்த முதியவர் இருவர், அவ்வீட்டாருள் இருவராக மாறிய கதை அது. அக்கதையில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவன் செய்திருக்கக் கூடாத பிழை. அதனாலேயே அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

மகனின் வீடு ஸ்கார்பரோ என்னும் பகுதியில் உள்ளது. முன்பு தனி நகரமாக இருந்து, 1998-இல் டொரான்டோவோடு இணைக்கப்பட்ட பகுதி அது. மகனும் மருமகளும் காலையிலேயே பணிக்குச் சென்றுவிடுவார்கள். பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஐந்து. நாங்கள் சென்று சேர்ந்தது மே மாத இறுதி. அங்கே பள்ளிகள் ஜூன் மாத இறுதிவரை நடைபெறும். பிறகு செப்டம்பர் முதல் வாரம்வரை விடுமுறை.

சென்ற முதல் நாளிலேயே ஒரு வியப்பு. இரவு 8 மணிக்குக் குழந்தைகளைப் படுக்கச் சொன்னாள் மருமகள். வெளியே பார்த்தேன், பட்டப்பகல் போல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "இன்னும் பொழுது சாயவில்லையே, அம்மா" என்றேன். "இங்கே பொழுதைப் பார்த்தால் பிள்ளைகள் தூங்கவே மாட்டார்கள், மாமா, கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லித் திரைச்சீலையை இழுத்து மூடினாள். ஜூன் மாத நடுவில் அந்நகரில் சூரியன் மறைய 9 மணி ஆகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. விருந்தினர் தம் கடிகாரத்தைத்தான் அதற்கேற்பத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அன்று நான் முழுதும் உணரவில்லை.

என் துணைவியார் அதனை விரைவில் உணர்ந்தார். ஆனால் அதற்கும் ஒரு சிறு வருத்தம் விலையாயிற்று. பேரன் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் உணவுப் பெட்டியில், தம் கையால் பிடித்த கடலை உருண்டை இரண்டை அவர் வைத்தார். புறப்படும் நேரத்தில் மருமகள் அவற்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேரனை அழைத்துக்கொண்டு சென்றுவிட்டாள். அன்று முழுவதும் சமையலறையில் பாத்திர ஓசை மிகுந்திருந்தது, பேச்சுக் குறைந்திருந்தது. மாலையில் மருமகளே வந்து அருகில் அமர்ந்து காரணத்தைச் சொன்னாள்.

வேர்க்கடலை சிலருடைய உடலுக்கு ஒவ்வாது. அத்தகைய குழந்தை சிறிதளவு உண்டாலும் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேரலாம். இவ்வாறான மாணவர்களைக் காப்பதற்குப் பள்ளி வாரியங்கள் திட்டம் வகுத்திருக்க வேண்டும் என்று ஒன்டாரியோ மாகாணத்தில் 2006-ஆம் ஆண்டு முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. ஆதலால் பல பள்ளிகள் கடலைப் பண்டங்களைக் கொடுத்தனுப்ப வேண்டாமென்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றன. "முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அத்தை. காலை அவசரத்தில் சொல்லாமல் போனது என் தவறு" என்றாள் மருமகள். துணைவியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "யார் வீட்டுப் பிள்ளைக்கோ ஆகாது என்றால், நம் பிள்ளை வீட்டில் தின்றுவிட்டுப் போகட்டும்" என்றார். இருவர் மனத்திலும் இருந்த பாரம் இறங்கிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும் வருத்தங்களே குடும்பத்தில் மிகுதி.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

துணைவியாருக்குச் சமையலறையில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு எவ்வேலையும் இல்லை. வேலையற்ற தலைமையாசிரியர் என்ன செய்வார்? பிழை திருத்தத் தொடங்குவார். பேரன் வீட்டில் தமிழ் பேசுவான். ஆனால் அவனுடைய வாக்கியங்கள் ஆங்கிலத்தின் வழியைப் பின்பற்றி நடப்பவை. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும், "தாத்தா, நான் பசிக்கிறேன்" என்றான். "'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்" என்றேன். சொன்னான். "மழை வருகிறான்" என்றான். "மழை அஃறிணை, 'வருகிறது' என்று சொல்" என்றேன். அதையும் சொன்னான். உணவு தட்டுக்கு வருமுன் இவ்வாறு மூன்று முறை நிறுத்தினேன். நான்காம் முறை அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொன்னான். உணவை உண்டுவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து என்னிடம் தமிழில் பேசுவதை நிறுத்திக்கொண்டான். பாட்டியிடம் பேசினான், தங்கையிடம் பேசினான். நான் அறைக்குள் நுழைந்தால் ஆங்கிலத்துக்கு மாறினான்.

எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பேரனோடு பேசுவதற்காக வந்தவன் நான். பத்தே நாளில், இருந்த பேச்சையும் இழந்தேன். "விடுங்கள் அப்பா, தானே சரியாகிவிடுவான்" என்றான் மகன். ஆயினும் அவன் குரலிலும் வருத்தம் இருந்ததை அறிந்தேன்.

எனக்கு வழி காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர் அவர். அக்காலத்தில் கனடாவை நாடி வந்த ஈழத் தமிழர் பட்ட இன்னல்கள் பல. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் காப்பாற்றிய செய்தியை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். இன்று ஸ்கார்பரோவின் கடைத்தெருக்களில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளைக் காண்கிறோம் என்றால், அவர்களுடைய உழைப்பே அதற்குக் காரணம்.

பெரியவருடைய வீட்டு வாயிலில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருந்தது. குளிர் நீங்கிய பிறகு அதனை வெளியே கொணர்ந்து வெயிலில் வைப்பார். இலையுதிர் காலம் வருமுன் மீண்டும் வீட்டுக்குள் எடுத்துச் செல்வார். பனியில் விட்டால் அது பிழைக்காது. அச்செடிக்கு நீர் வார்த்துக்கொண்டே அவர் என் குறையைக் கேட்டார். பிறகு புன்னகையோடு, "மாஸ்டர், பிள்ளையோட கதையுங்கோ, பிழை பிடியாதேங்கோ" என்றார்.

யாழ்ப்பாணத் தமிழில் 'கதைத்தல்' என்றால் பேசுதல் என்று பொருள். அவர் சொன்னது அவ்வளவே. ஆனால் எனக்கு அது பழைய பாடம் ஒன்றை நினைவூட்டிற்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அதை எத்தனையோ வகுப்புகளில் கையாண்டிருக்கிறேன். சொந்தப் பேரனிடம் மறந்துவிட்டேன். அவனுக்குத் தெரிந்தவை எவை என்று நான் கேட்கவே இல்லை. அவனுக்குத் தெரியாதவற்றையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாணாக்கனாக அவன்முன் நின்றேன். அந்நகரில் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து வைக்க வேண்டும். உணவுக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி. மறுசுழற்சிக்குரிய தாள், புட்டி முதலியவற்றுக்கு நீலத் தொட்டி. எஞ்சிய குப்பைக்கு வேறொரு தொட்டி. பச்சைத் தொட்டியை வாரந்தோறும் எடுத்துச் செல்வார்கள். மற்ற இரண்டையும் வாரம் மாற்றி வாரம். நான் வாழைப்பழத் தோலை நீலத் தொட்டியில் இட்டிருந்தேன். பேரன் அதைக் கண்டுபிடித்தான். "எனக்குத் தெரியாது, நீ சொல்லிக்கொடு" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக முழுப் பாடத்தையும் நடத்தினான். அவன் என் தவறைக் கடிந்துகொள்ளவில்லை என்பதை நான் கவனித்தேன். அன்று முதல் வியாழன் இரவுதோறும் தொட்டிகளைத் தெருவோரம் இழுத்து வைப்பது எங்கள் இருவருடைய பொறுப்பாயிற்று.

அந்த ஜூன் மாதத்தில், கியூபெக் மாகாணத்துக் காட்டுத் தீயின் புகை சில நாட்கள் நகரத்தின்மேல் கவிந்தது. சன்னல்களை மூடிவிட்டு மாலையில் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். இரவு 9 மணிவரை ஏன் வெளிச்சம் இருக்கிறது என்று பேரன் கேட்டான். ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குச்சியைச் செருகிச் சற்றே சாய்த்துப் பிடித்தேன். அவன் கைவிளக்கைச் சூரியனாக ஏந்தினான். சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே. டொரான்டோ ஏறத்தாழ 44 பாகை வடக்கே. ஆகவே கோடையின் மிக நீண்ட பகல் சென்னையில் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; டொரான்டோவில் பதினைந்தரை மணி நேரத்தை நெருங்குகிறது. அதோடு, மார்ச் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி நவம்பரில் திருப்பி வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அவ்வழக்கத்தை 1908-ஆம் ஆண்டிலேயே கைக்கொண்டது அதே மாகாணத்தைச் சேர்ந்த போர்ட் ஆர்தர் என்னும் ஊர்.

"பூமி சாய்ந்து நிக்கிறான், தாத்தா!" என்று கூவினான் பேரன். அவனைத் திருத்த நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். "ஆமாம், சாய்ந்துதான் நிற்கிறது. இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்து நிற்கிறது" என்று பேச்சைத் தொடர்ந்தேன். சிறிது நேரத்துக்குப் பின், தங்கைக்கு விளக்கும்போது, "பூமி சாய்ந்து நிக்குது" என்றான் அவன். நான் ஒன்றும் சொல்லவில்லை. துணைவியார் மட்டும் என்னைப் பார்த்து நகைத்தார்.

விடுமுறை தொடங்கியபின் வாரம் ஒரு முறை பேருந்து ஏறிப் பொது நூலகத்துக்குச் சென்றோம். பன்னிரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு அந்நகரப் பேருந்தில் 2015 முதல் கட்டணம் இல்லை, முதியோருக்குச் சலுகை. அந்நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள். சில கிளைகளில் தமிழ் நூல்களும் இருக்கின்றன. தாமதமாகத் திருப்பித் தரும் நூலுக்கு அபராதம் வாங்குவதை 2022-இல் நீக்கிவிட்டார்கள். பேரனுடைய அட்டையிலேயே எனக்கும் நூல் எடுத்துத் தருவான். "தாத்தாவுக்கு நான்தான் பொறுப்பு" என்று அங்கிருந்த அம்மையாரிடம் ஒருமுறை ஆங்கிலத்தில் சொன்னான். திரும்பும் வழியில் அதையே தமிழிலும் என்னிடம் சொன்னான்.

ஆகஸ்டு 23-ஆம் நாளை மறக்க முடியாது. அன்று இந்திய நேரம் மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. எங்களுக்கு அப்போது காலை 8.34 மணி. இட்டிலித் தட்டு கையிலிருக்க, நாங்கள் எல்லோரும் திரைமுன் அமர்ந்திருந்தோம். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். அது நம் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவு என்று பேரனுக்குச் சொல்லியிருந்தேன். கலம் இறங்கியதும் அவன் துள்ளி எழுந்தான். ஊரிலுள்ள அண்ணனைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லி, பத்து நிமிடம் ஓயாமல் தமிழிலேயே பேசினான். "நாம இறங்கிட்டோம்!" என்பது அவன் சொன்ன முதல் வாக்கியம்.

'நாம்' என்பது முன்னிலையாரையும் உளப்படுத்தும் தன்மைப் பன்மை என்று எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் நெஞ்சில் பட்டது. பேரன் கனடாவில் பிறந்தவன், அந்நாட்டின் குடிமகனாகவே வாழ்வான், வாழ வேண்டும். ஆனால் அவன் சொன்ன 'நாம்' என்ற சொல்லுக்குள் எங்களுக்கும் இடம் இருந்தது. அப்பத்து நிமிடப் பேச்சில் பிழைகள் எத்தனை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை.

செப்டம்பர் 5-ஆம் நாள் பள்ளி திறந்தது. அன்றிரவே எங்கள் பயணம். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயில்வரை சென்ற பேரன் திரும்பி வந்தான். "தாத்தா, இந்த வாரம் பச்சைத் தொட்டியை என்னோட யார் இழுப்பாங்க?" என்று கேட்டான். எனக்கு உடனே விடை வரவில்லை. "அப்பாவைக் கூப்பிடு, அவனுக்கும் சொல்லிக்கொடு" என்றேன். தலையசைத்துவிட்டுப் போனான். இப்போதும் வியாழக்கிழமைகளில் அவன் தொலைபேசியில் அழைப்பதுண்டு. தொட்டியை வைத்தாயிற்று என்று சொல்லத்தான் அழைக்கிறான்; அதன்பின் பேச்சு நீளும்.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை தொலைதூர நாடுகளில் வாழக்கூடும். உங்கள் இல்லத்துக்கு முதியவர்கள் வந்து தங்குவார்கள். அவர்களை ஊர்சுற்றிக் காட்டுங்கள். ஆனால் அதனோடு நின்றுவிடாதீர்கள். அவர்களால் செய்ய இயலும் சிறு வேலை ஒன்றை, உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுமாறு அவர்களிடம் கொடுங்கள். கூடிச் செய்யும் வேலையில் பேச்சு தானே பிறக்கும். அண்டை வீட்டுப் பெரியவர் அச்செடியைக் குளிருக்கு உள்ளேயும் வெயிலுக்கு வெளியேயுமாக எடுத்து வைத்துக் காத்ததைப் போல, அந்தப் பேச்சையும் நாள்தோறும் காத்து வர வேண்டும். இலையில் பழுது கண்டவுடன் செடியைப் பறித்துப் பார்ப்பவர் எவரும் இல்லை, நீர் வார்ப்பார்கள். இதை நான் அறுபத்தாறாம் வயதில், ஒன்பது வயதுச் சிறுவனிடம் கற்றேன். நீங்கள் இப்போதே கற்றுக்கொள்ளலாம்.