பெயரோடு நிற்கட்டும் நம் முன்னோர்



நம் இல்லங்களில் சுவரிலும் தகரப் பெட்டியிலும் இருக்கும் பழைய புகைப்படங்களைக் குறித்துச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தவர் அவர். அத்தொகுதிகளில் படங்கள் உண்டு. படத்திலிருப்பவரின் சாதிப் பெயர் உண்டு. அவருடைய சொந்தப் பெயரைப் பெரும்பாலும் காண இயலாது.

இதற்கு நேர்மாறானது குடும்பப் புகைப்படம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் பணி தொடங்கியபின், வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் அங்கே சென்றனர். தங்கம் எடுத்தவர் கையில் தங்கம் தங்கவில்லை. ஆயினும் கூலியில் மிச்சம் பிடித்து, ஸ்டூடியோவுக்குச் சென்று படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கத் தடுக்கப்பட்டவர், அத்தகைய படத்தில் கோட்டும் காலணியும் அணிந்து நாற்காலியில் அமர்ந்திருப்பார். அருகில் மனைவி நிற்பார். பிள்ளையின் கையில் புத்தகம் இருக்கும். கோட்டு இரவலாயிருக்கலாம், நிமிர்ந்து அமர்ந்த உறுதி அவருடையதே. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் பல ஊர்களுக்குச் சிதறின. அவ்வாழ்வுக்கு அப்படங்கள் இன்றும் சாட்சி கூறுகின்றன.

1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் இரட்டைமலை சீனிவாசனார் கலந்துகொண்டார். அத்தகைய தலைவர்களின் படங்களை நாடு காக்கும். நம் பாட்டன் பாட்டியரின் படங்களை நாமன்றி வேறு யார் காப்பார்?

படம் இருந்தும் பெயர் மறந்துபோனால், நம் பாட்டியும் தர்ஸ்டனின் ஏட்டில் உள்ளவரைப் போலப் பெயரற்றவராகி விடுவார். அப்பெயரை அறிந்த மூத்தோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

ஆகவே இளைஞர்களே! வரும் ஞாயிறன்றே வீட்டின் மூத்தவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள்: இவர் யார்? எந்த ஊர்? என்ன தொழில் செய்தார்? இவர்களுள் முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார்? அறிந்தவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறிக் கறையாகும். ஈரச் சுவரும் நேர்வெயிலும் படத்தைக் கெடுக்கும். கைப்பேசியில் நகலெடுத்து, சங்கத்திற்கும் ஒரு பிரதி தாருங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளின் எழுத்தறிவுக்குத் துணை நின்றுள்ளது. அவ்வெழுத்தால் நம் முன்னோரின் பெயர்களை எழுதுவோம்.