மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்கணும்

(காங்கேயம் விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



ஒரு இடம் வாங்கப் போனால் நாம் என்னென்ன பார்க்கிறோம்? பட்டா பார்க்கிறோம். தாய்ப்பத்திரம் பார்க்கிறோம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தடம் எத்தனை அடி என்று அளக்கிறோம். ஈசானி மூலை சரியா என்று வாஸ்துக்காரரையும் கூட்டிப் போகிறோம். ஆனால் அந்த மண்ணுக்குள்ளே என்ன கிடக்குது என்று யாராவது பார்க்கிறோமா? அதைப் பேசத்தான் இந்தக் கூட்டம்.

நம்ம பக்கத்தில் ஒரு பழைய சாயப்பட்டறை இருக்குது. பேர் வேண்டாம், கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மூடிப் பல வருஷம் ஆச்சு. இப்போ பொக்லைன் விட்டுச் சமன்படுத்தி, மேலே ஒரு அடி செம்மண் கொட்டி, கலர் கல் நட்டு, 'வீட்டுமனைகள் விற்பனைக்கு' என்று போர்டு வைத்துவிட்டார்கள். என் தங்கச்சி பையன், டெய்லர் வேலைக்குப் போகிறவன், மூன்று சென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, "மாமா, நல்ல இடம், வந்து பாருங்க" என்றான். போனேன். மண்வெட்டியில் மூன்றடி எடுத்தோம். செம்மண்ணுக்குக் கீழே சாம்பலும் நீலமும் கலந்த சேறு வந்துதுங்க. அந்தப் பட்டறையில் வேலை செய்த ஒரு அம்மா சொன்னார்: "அது கசடு கொட்டின குழி தம்பி. மழைக்காலத்தில் மூட்டை மூட்டையாக அதில்தான் போட்டாங்க." பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணியை வாயில் வைக்க முடியலை. பையன் கொடுத்த அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை.

ஒரத்துப்பாளையம் அணையை நினைத்துப் பாருங்க. 1992-ல் நொய்யல் குறுக்கே கட்டினது. பாசனத்துக்குத்தான் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்கி, அணையே சாயக்குட்டை ஆனது. தேக்கி வைத்தால் கேடு என்று ஷட்டரைத் திறந்தே வைக்கிற நிலைமைக்கு ஒரு அணை வந்ததை நம் கண்ணால் பார்த்தோம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விடக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காமல், 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது.

நஷ்டஈடு என்ன கிடைத்தது? சூழல் இழப்பு ஆணையம் 2004-ல் கணக்குப் போட்டது: 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள், ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்க, ஒரு குடும்பத்துக்கு ஒன்பதாயிரம்கூட வராது. ஒரு காங்கேயம் மாட்டுக் கன்னுக்குட்டி வாங்க முடியுமா அதில்? கெட்ட பிறகு கணக்குப் பார்த்தால் இவ்வளவுதான் கிடைக்கும். அதனால்தான் முன்னாடியே பார்க்கணும் என்கிறோம்.

"பட்டறை மூடிப் பத்துப் பதினைந்து வருஷம் ஆச்சே, எல்லாம் மழையில் போயிருக்கும்" என்று புரோக்கர் சொல்வார். சாயத்தண்ணியில் இருக்கிற உப்பு தண்ணியோடு நடக்கும். மழைக்குக் கீழே இறங்கும், வெயிலுக்கு மேலே ஏறும், பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். சில சாயங்களில் இருக்கும் குரோமியம், தாமிரம் போன்ற உலோகங்கள் அப்படி இல்லை. அவை பெரும்பாலும் கசடோடு அங்கேயே உட்கார்ந்துக்கும், பத்து வருஷமானாலும் மக்காது. ஆகவே தண்ணியை மட்டும் டெஸ்ட் பண்ணினால் குழியில் கிடக்கிற உலோகம் தெரியாது. மண்ணை மட்டும் பார்த்தால் கிணற்றுக்குப் போய்விட்ட உப்பு தெரியாது. இரண்டையும் பார்க்கணும். மேல்மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போய் 'நல்லா இருக்குது' என்று சர்டிபிகேட் வாங்கினால், அது நேற்று லாரியில் வந்த செம்மண்ணுக்கு வாங்கின சர்டிபிகேட்!

எப்படிப் பார்க்கிறது? மூன்று கேள்வி போதுமுங்க. விஷம் எங்கே? வழி எது? வாய் யாருடையது?

விஷம் எங்கே என்பதற்கு முதலில் ஆளைக் கேட்கணும். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை பட்டறை ஓடியது, தொட்டி எங்கே, சாக்கடை எந்தப் பக்கம், கசடு எங்கே கொட்டினார்கள் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் குழி. ஒரு அடி, மூன்று அடி, ஆறு அடி என்று ஆழம் ஆழமாக, ஊர்க்காரர்கள் முன்னால் மண் எடுக்கணும். வழி எது என்பதற்கு மேற்பக்கக் கிணறு ஒன்று, கீழ்ப்பக்கக் கிணறு ஒன்று, மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்க்கணும். குடிதண்ணியில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேறு தண்ணியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. வாய் யாருடையது? அங்கே குடோன் கட்டினால் ஒரு கணக்கு. வீடு கட்டினால் வேறு கணக்கு. மண்ணில் விளையாடி அந்தக் கையையே வாயில் வைக்கிற குழந்தைக்குத் தனிக் கணக்கு.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001-ல் மூடியது. பாதரசக் கழிவை 2003-ல் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் மண்ணு அங்கேயேதான் கிடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று ஒரு அளவு வைத்தார்கள். சோலைக்காட்டுக்குப் பக்கத்தில் அது போதாது என்று மக்கள் சண்டை போட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த இழுபறி நடந்தது.

அமெரிக்காவில் நயாகரா பக்கம் லவ் கெனால் என்று ஒரு இடம். ரசாயனக் கம்பெனி கழிவைப் புதைத்து, மேலே மண்ணை மூடி, 1953-ல் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கிரயம் பண்ணியது. 'பின்னால் வரும் கேட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அத்தனை பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி!

இப்போ சட்டம் இருக்குதுங்க. மாசுபட்ட இடங்களை நிர்வகிப்பதற்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகப்படும் இடங்களை உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் பட்டியல் எடுக்கணும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு செய்யணும். அதற்கப்புறம் மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. கெடுத்தவர்தான் சுத்தப்படுத்தும் செலவை ஏற்கணும். ஆனால் பட்டியலில் பேர் ஏறினால்தான் இதெல்லாம் நடக்கும். நாம் எழுதிக் கொடுக்காமல் யார் ஏற்றுவார்கள்?

கடைசியாக ஒன்று. கசப்பாக இருந்தாலும் சொல்லியாகணும். நம்ம கையும் சுத்தமில்லை. மழை பெய்யாத வருஷத்தில் கொறங்காட்டைச் சலவைப் பட்டறைக்கு வாடகைக்கு விட்டவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். எனக்குப் பங்காளி முறையில் இருக்கிறார்கள். "உண்மையைச் சொன்னால் விலை போகாதே" என்கிறார்கள். சரிதான், விலை குறையும். ஆனால் வாங்குகிறவன் யார்? நம்ம பையன்கள், நம்ம தொழிலாளிகள், இருபது வருஷ பேங்க் கடனில் ஒரு கூரை தேடுகிறவர்கள். தொழிலுக்கு நாம் எதிரி இல்லை, நம்ம வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கம்பெனிச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். கெட்ட மண்ணை நல்ல மண் என்று சொல்லி விற்காதே என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. காங்கேயம் வட்டாரத்தில் இயங்கி மூடிய சாய, சலவைப் பட்டறைகள், கசடு கொட்டிய இடங்கள் அத்தனையையும் ஊராட்சி வாரியாகப் பட்டியல் எடுத்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

2. மண்ணும் கிணறும் ஆழம் வரை பரிசோதித்து முடிவு வரும்வரை அந்த இடங்களில் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்காதே!

3. மாதிரி எடுக்கும்போது கிராம மக்களை உடன் வை. முடிவைத் தமிழில் கொடு!

4. சுத்தப்படுத்தும் செலவைக் கெடுத்தவரிடம் வாங்கு. வாங்கினவன் தலையில் கட்டாதே!

5. பழைய பட்டறை இடம் என்பதை வில்லங்கச் சான்றிலேயே தெரியும்படி பதிவு செய்!

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் இந்த மனுவைக் கொடுக்கிறோம். வரும்போது வெறும் கையோடு வராதீங்க. உங்கள் ஊரில் எந்தச் சர்வே நம்பரில் எந்தப் பட்டறை ஓடியது, எங்கே கொட்டினார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாங்க. உங்கள் கிணற்றுத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டு வாங்க. மேஜை மேல் வரிசையாக வைப்போம். மற்றதை அந்தத் தண்ணியே பேசும்.