எரித்த காகிதமும் எடுத்து வைத்த காகிதமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் பண்ணி, "குடும்பத்தோட இங்கிலாந்து போய் வந்தீங்களே, அதைப் பத்திப் பேசுங்க. ஆனா இருபது நிமிஷத்துக்கு மேல வேண்டாம், சாப்பாடு ஆறிடும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே அரண்மனையையும் தேம்ஸ் நதியையும் விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் நீங்கள் சினிமாவிலேயே பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது இரண்டு மியூசியங்களைப் பற்றியும், அங்கே பார்த்த மூன்று எந்திரங்களைப் பற்றியும்தான். ஒன்று, வடிவமைத்தவர் கண்ணால் காணாமலே போன எந்திரம். இரண்டாவது, கட்டி, வேலை வாங்கி, பிறகு பிரித்துப் போட்ட எந்திரம். மூன்றாவது, நம்மைப் போல ஒரு கல்லூரியில் மாணவர்கள் பழகிய எந்திரம். இந்த மூன்றும் இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் லண்டன் சயின்ஸ் மியூசியம். அனுமதி இலவசம். இலவசம் என்று தெரிந்ததும் வீட்டில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை! அங்கே சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த 'டிஃபரன்ஸ் எஞ்சின்', அதாவது வித்தியாச எந்திரம், எண் 2 நின்றது. 11 அடி நீளம், 7 அடி உயரம், 5 டன் எடை. உறுப்புகள் மட்டும் 8,000. மின்சாரம் கிடையாது, நம் கிணற்று ராட்டினம் மாதிரி கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.

எதற்காக இந்த எந்திரம்? நம் வயதுக்காரர்களுக்கு கிளார்க்ஸ் டேபிள் மறந்திருக்காது. பாபேஜ் காலத்தில் அந்த மாதிரி அட்டவணைகளை மனிதர்கள் கையால் கணக்குப் போட்டு, கையால் பிரதி எடுத்து, கையால் அச்சுக் கோத்தார்கள். மூன்று இடத்திலும் பிழை நுழையும். கடலில் போகிற மாலுமிக்கு அந்தப் பிழை உயிர்ப் பிரச்சினை. கணக்கிடுவதையும் அச்சிடுவதையும் ஒரே எந்திரம் செய்துவிட்டால் பிழைக்கு இடமில்லை என்று பாபேஜ் நினைத்தார்.

அது கணக்கிடும் வழி ரொம்ப எளிது. என் பேரனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் 1, 4, 9, 16 என்று எழுதிக் காட்டினேன். இவை வர்க்க எண்கள். பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் 3, 5, 7. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் எப்போதும் 2. "அப்படின்னா அடுத்தது 9, பதினாறோட ஒன்பதைக் கூட்டினா 25!" என்றான். அவ்வளவுதான். பெருக்கலே வேண்டாம், கூட்டிக்கொண்டே போனால் போதும். அதையே இந்த எந்திரம் 31 இலக்கம் வரை செய்கிறது.

பாபேஜின் முதல் எந்திரத்துக்கு பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டு செலவழித்தது. முடியாமல் போகவே 1842ல் கைவிட்டது. அவர் விடவில்லை. 1847 முதல் 1849 வரை உட்கார்ந்து இந்த இரண்டாவது எந்திரத்தை முழுக்க வரைந்தார். கட்டப் பணம் கிடைக்கவில்லை. 1871ல் காலமானார். ஊரில், "நடக்காத காரியம், அந்தக் காலத்து லேத்தில் இவ்வளவு துல்லியம் வராது" என்ற பேச்சுதான் மிஞ்சியது. ஆனால் வரைபடங்கள் சயின்ஸ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. டோரன் ஸ்வேட் என்பவர் தலைமையில் அந்த மியூசியத்தாரே, பாபேஜ் காலத்தில் எட்டக்கூடிய துல்லியத்தை மீறாமல், அந்த வரைபடங்களை வைத்துக் கட்டினார்கள். கணக்கிடும் பகுதி 1991லும், அச்சிடும் பகுதி 2002லும் முடிந்தது. எந்திரம் வேலை செய்தது! ஏறக்குறைய 150 ஆண்டு கழித்து ஒரு மனிதர் சொன்னது சரி என்று நிரூபணமானது. அதற்கு உதவியது காகிதம்.

அடுத்த வாரம் லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி பிளெட்ச்லி போனோம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை பிரிட்டிஷார் உடைத்த இடம் பிளெட்ச்லி பார்க். அதே வளாகத்தில் 'எச்' பிளாக் என்ற பழைய கட்டடத்தில் தேசியக் கணிப்பொறி மியூசியம் தனியாக இயங்குகிறது. டிக்கெட்டும் தனி. "என்னங்க, மறுபடியும் மிஷினா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. ஆனால் அன்று கடைசியாக வெளியே வந்தவள் அவள்தான்.

அங்கேதான் கொலோசஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அறை முழுக்க அடைத்து நிற்கிறது. சக்கரங்களில் காகித நாடா விர்ரென்று சுற்றுகிறது. வினாடிக்கு 5,000 எழுத்து படிக்கும். உள்ளே 2,500 வால்வுகள் அளவில் இருக்கின்றன. அறையே கதகதவென்று இருக்கிறது. ஜெர்மன் தலைமை தன் தளபதிகளுக்கு அனுப்பிய லோரன்ஸ் சங்கேதத்தை உடைக்க இதைக் கட்டியவர் டாமி ஃப்ளவர்ஸ். அவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. தபால் தந்தி இலாகாவின் டெலிபோன் என்ஜினீயர். "இத்தனை வால்வு வைத்தால் தினம் ஒன்று போகும், ஓடவே ஓடாது" என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அனுபவம் இருந்தது. வால்வு பெரும்பாலும் போவது சுவிட்சைப் போட்டு அணைக்கும்போதுதான். அணைக்காமலே விட்டால் நீண்ட காலம் உழைக்கும் என்று அவருக்குத் தெரியும். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் இல்லாத, வேலையில் கற்ற ஒரு விஷயம்தான் கொலோசஸைச் சாத்தியமாக்கியது. முதல் எந்திரம் 1944 தொடக்கத்தில் பிளெட்ச்லியில் வேலையைத் தொடங்கியது. போர் முடியும்போது 10 இருந்தன. ஓட்டியவர்கள் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். இரவு பகல் ஷிப்டு. அந்தப் பெண்களின் படங்களுக்கு முன்னால்தான் என் மனைவி நின்றுவிட்டாள்.

போர் முடிந்தது. இரண்டை மட்டும் ரகசியமாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களை எரித்துவிடும்படி ஃப்ளவர்ஸுக்கு உத்தரவு வந்தது. தன் கையாலேயே உலையில் போட்டு எரித்தார். 1970கள் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதனால்தான் நாம் படித்த பாடப்புத்தகத்தில், 1946ல் அமெரிக்கா அறிவித்த எனியாக்தான் முதல் மின்னணுக் கணிப்பொறி என்று இருந்தது. நாமும் அதையே எழுதி மார்க் வாங்கினோம்!

எரித்துவிட்டதை எப்படித் திரும்பக் கட்டினார்கள்? டோனி சேல் என்ற என்ஜினீயர் 1993ல் தொடங்கினார். கையில் இருந்தவை 1945ல் எடுத்த எட்டு போட்டோக்கள். கூடவே, அன்று வேலை செய்த என்ஜினீயர்கள் சிலர் விதியை மீறி வீட்டில் எடுத்து வைத்திருந்த சில சர்க்யூட் துண்டுகள். அப்போது பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளைக் கழற்றிக்கொண்டிருந்ததால் உதிரிப் பாகங்களும் கிடைத்தன. மீதி எல்லாம் அந்தக் கிழவர்களின் ஞாபகம். 1993ல் ஃப்ளவர்ஸுக்கு வயது 88. மூன்று ஆண்டு கழித்து, 1996 ஜூன் 6ஆம் தேதி, எந்திரத்தை ஓடவிட்டார்கள். ஃப்ளவர்ஸ் அங்கே இருந்து பார்த்தார். 1998ல் காலமானார். முழுவதும் முடிய 2007 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சேல் பத்து ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தால் கேட்பதற்கு ஃப்ளவர்ஸே இருந்திருக்க மாட்டார்.

மூன்றாவது எந்திரத்தைப் பார்த்ததும் எனக்கு நம் கல்லூரி ஞாபகம் வந்துவிட்டது. ஹார்வெல் அணுசக்தி ஆய்வுக்கூடத்தில் 1951ல் ஓடத் தொடங்கியது. எடை 2.5 டன். வேகம் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு பெருக்கலுக்கு 5 முதல் 10 வினாடி ஆகும். ஒரு தடவை, கைக் கணக்கு மிஷினோடு ஒருவர் அதனோடு போட்டிக்கு உட்கார்ந்தாராம். அரை மணி நேரம் சரிக்குச் சரி ஈடுகொடுத்தார். பிறகு அவர் களைத்துவிட்டார், எந்திரம் களைக்கவில்லை.

1957ல் ஹார்வெலுக்கு அது தேவைப்படவில்லை. பழைய இரும்புக்குப் போடவில்லை, "யார் இதை நன்றாகப் பயன்படுத்துவீர்கள்?" என்று கல்லூரிகளுக்குப் போட்டி வைத்தார்கள். வுல்வர்ஹாம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரி வென்றது. அங்கே அதற்கு 'விட்ச்' என்று புதுப் பெயர். சூனியக்காரி என்று அர்த்தம். 1973 வரை அந்தக் கல்லூரி மாணவர்கள் அதில் பழகினார்கள். பாடம் சொல்ல அதைவிடப் பொருத்தமான எந்திரம் கிடைக்காது. டெகட்ரான் என்ற கண்ணாடிக் குழாய்கள் 828. ஒவ்வொன்றிலும் ஒரு செம்மஞ்சள் ஒளிப்புள்ளி பத்து இடங்களில் நகர்ந்து 0 முதல் 9 வரை காட்டும். எண் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். "தாத்தா, இது யோசிக்கிறது தெரியுது!" என்றான் பேரன். அவன் கையிலிருக்கும் போன் யோசிப்பது அவனுக்குத் தெரிந்ததே இல்லை.

பிறகு பர்மிங்ஹாம் மியூசியத்துக்குப் போனது. 1997ல் அந்த மியூசியம் மூடியதும், பிரித்துக் கிடங்கில் போட்டார்கள். 2008ல் கிடங்கின் புகைப்படம் ஒன்றில், பழைய கணிப்பொறிகளில் ஆர்வமுள்ள ஒருவர் அதன் கட்டுப்பாட்டுப் பலகையைத் தற்செயலாக அடையாளம் கண்டார். 2009ல் பிளெட்ச்லிக்கு வந்தது. மூன்று ஆண்டு துடைத்துச் சரிசெய்து, 2012 நவம்பரில் ஓடவிட்டார்கள். கொலோசஸ் போல மறுபடி கட்டியதல்ல இது; அசல் எந்திரமே ஓடுகிறது.

நண்பர்களே, நாங்கள் படித்த காலத்தில் நம் கணிப்பொறி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி அங்கேதான் அந்த மரியாதை. ஃபோர்ட்ரான் புரோகிராமை பஞ்ச் கார்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்போம். மறுநாள் போனால் ஒரு கமா விட்டுப்போனது என்று நீளக் காகிதத்தில் பதில் வந்திருக்கும். அந்த அறையில் ஏசியைப் பார்த்துக்கொண்டவர், நம் கார்டுக் கட்டை வாங்கி வைத்தவர், எந்திரம் நின்றால் ராத்திரி வந்து சரிசெய்தவர், இவர்களில் சிலர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். எண்பது வயது தாண்டியவர்கள். இன்று கேட்டால் சொல்வார்கள்.

அந்த மூன்று எந்திரங்களும் நம் கண்ணுக்குத் தெரிவதற்கான காரணத்தை இப்போது சொல்கிறேன். யாரோ ஒருவர் காகிதத்தையோ பொருளையோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார். இன்னொருவர் காலம் கடப்பதற்குள் கேட்டார். மியூசியம் கட்டப் பெரிய பணம் வேண்டும், இதற்கு வேண்டாம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முன்னாள் மாணவர்களே, ஊருக்குப் போனதும் பரணைப் பாருங்கள். ஒரு பஞ்ச் கார்டு, ஒரு பிரின்ட் அவுட், செய்முறை நோட்டு, கணிப்பொறி அறை முன் நின்று எடுத்த குரூப் போட்டோ, எது கிடைத்தாலும் பின்புறம் ஆண்டையும் பெயர்களையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மாணவர்களே, உங்கள் எல்லோர் கையிலும் ரிக்கார்டர் உள்ள போன் இருக்கிறது. இந்த செமஸ்டர் விடுமுறைக்குள் இரண்டு இரண்டு பேராகப் போய் அந்தப் பெரியவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். நூலகத்தில் ஒரு பீரோ ஒதுக்கித் தரும்படி முதல்வரிடம் நானே கேட்கிறேன். பீரோவின் செலவு எங்கள் செட்டுடையது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு ஆறக் கூடாது. இலையில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவரிடம், "உங்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள்.