சுவரில் மாட்டும் போர்க்காலப் படம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எங்க ஊர் சீவலப்பேரியில சிற்றாறு தாமிரபரணியோட சேரும். அதுபோல என் பேச்சில் இன்ஜினியரிங்கும் சரித்திரமும் சேர்ந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய போர்க்காலப் புகைப்படங்களைக் கேன்வாஸ் துணியில் அச்சடித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுவரில் மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நம் நூலகத்திலும் ஒன்று மாட்டலாம் என்பது என் ஆசை. ஜான்சி ராணி படையை நேதாஜியும் கேப்டன் லட்சுமியும் பார்வையிடும் படம். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் தொடங்கிய அந்தப் படையில், மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். இந்தியாவை ஒருநாளும் பார்க்காமலே அதற்காகத் துப்பாக்கி தூக்கியவர்கள் அவர்களில் பலர்.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்கணும்.

ஒன்று, கேன்வாஸின் ஓரம் சட்டத்தின் பக்கவாட்டில் மடியும். சட்டம் ஒன்றரை அங்குலக் கனம் என்றால், நாலு பக்கமும் அந்த அளவு படம் மறைஞ்சு போகும். நடுவில் இருக்கும் தலைவர் தப்பித்துக்கொள்வார். ஓரத்தில் நிற்கும் பெண்தான் காணாமல் போவாள். ஆகவே படத்தைச் சுற்றி வெற்று ஓரம் விட்டு அச்சடிக்க வேண்டும்.

இரண்டு, சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் மங்கும். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்ணையும் மூக்கையும் பளிச்சென்று காட்டிவிடும். ஆனால் அது ஊகித்து வரைந்த முகம், அவள் முகமில்லை. மங்கலா இருந்தாலும் அவ முகமே இருக்கட்டும்.

மூன்று, படத்தின் கீழே ஆண்டு, இடம், தெரிந்த பெயர்கள். ஐவோ ஜீமாவில் 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசந்தால் எடுத்த, அமெரிக்க வீரர்கள் கொடி நாட்டும் படத்தை அறியாதவர் குறைவு. அதிலிருக்கும் ஆறு பேர் யார் யார் என்பதை அந்நாட்டு மரைன் படை 2016-லும் 2019-லும் திருத்த வேண்டி வந்தது. அவ்வளவு புகழ்பெற்ற படத்துக்கே அந்தக் கதி என்றால், நம் தோட்டத்துப் பெண்களின் பெயரை யார் தேடுவார்?

நாம்தான் தேடணும். உங்கள் வீட்டுப் பெட்டியில் மலாயா, பர்மா காலத்துப் படம் கிடந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதி வையுங்கள். தம்பி தங்கைகள் அதை ஸ்கேன் செய்து நூலகத்தில் சேர்க்கட்டும். பெயரோடு மாட்டினால்தான் அது சரித்திரம். பெயரில்லாவிட்டால் வெறும் அலங்காரம்.