கம்பெனி வாயிலும் நம் பிள்ளைகளும்

(அவிநாசியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியும் தொழிலும் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். அப்பொருள் மிக விரிந்தது. ஆதலின், எம்மிடம் தமிழ் பயின்ற நம் குலத்துப் பெண்ணொருத்தி சென்ற கோடை விடுமுறையில் பெற்ற அனுபவத்தையும், அதனால் யாம் அடைந்த படிப்பினையையும் மட்டும் ஈண்டு எடுத்துரைப்போம். அவ்விரண்டில் பின்னது எம் பிழையைப் பற்றியது. அதனை மறைப்பின் இப்பிரசங்கத்தால் பயனில்லை.

இக்காலத்துப் பெரிய கம்பெனிகள், கல்லூரி மாணவர்களைச் சின்னாட்கள் தம் காரியாலயத்துக்கு அழைத்து, உள்ளே நடக்கும் வேலைகளைக் காட்டியனுப்பும் ஒரு முறையைக் கைக்கொண்டுள்ளன. இலண்டன் மாநகரத்துப் பெரிய வங்கிகள் முதலாண்டு மாணவர்களை வசந்தகால விடுமுறையில் ஒரு வாரம் அழைப்பதும், அவருள் தக்காரைப் பின்னர்ப் பயிற்சிக்குத் தெரிந்தெடுப்பதும் வழக்கம். இது தொழிற்பயிற்சி அன்று. இந்திய அரசாங்கத்தார் 2024 அக்டோபரில் தொடங்கிய பயிற்சித் திட்டம், 21 முதல் 24 வயது வரையுள்ள இளைஞரைப் பெருங்கம்பெனிகளில் ஓராண்டு அமர்த்தி, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை அளிப்பதாக அமைந்தது. தமிழ்நாட்டரசார் 2022 மார்ச்சு 1-ஆம் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், மாணவர்க்குத் தொழில்வழி காட்டுதலையும் திறன்வளர்த்தலையும் நோக்கமாக உடையது. யாம் கூறும் ஐந்து நாட் காட்சியோ இவ்விரண்டினும் சிறியது. கதவைச் சிறிது திறந்து உள்ளே நோக்கவிடுவது, அவ்வளவே.

கோவை மாவட்டத்தார்க்கு இதன் உட்கருத்துப் புதியதன்று. பீளமேட்டில் 1926-ஆம் ஆண்டிலேயே பி.எஸ்.ஜி. தருமத்தார் ஒரு தொழிற்கூடம் நிறுவினர். ஆங்கே பயிற்சியும் உற்பத்தியும் ஒரே வளாகத்தில் நடந்தன. அவ்வளாகத்திலேயே 1951-இல் பொறியியற் கல்லூரியும் தோன்றிற்று. கலங்கலிற் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்கள், 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் ஏற்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியின் தோற்றத்துக்குக் காரணராயிருந்தார்கள். நீண்ட ஆண்டுகளை வகுப்பறையிற் கழிப்பதினும், குறுகிய காலத்தில் கையால் செய்து கற்பதே மேல் என்பது அன்னாரது உறுதியான கொள்கை. நம்மூர்ப் பெயர் தாங்கிய சாலையில், 2025 அக்டோபரில் திறக்கப்பெற்ற பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. அப்பாலத்தின் வழியாகவே நம் மாணவியும் நாடோறும் பஸ்ஸில் சென்று வந்தாள்.

அவள் கோவையில் கணிப்பொறி விஞ்ஞானம் பயில்பவள். தந்தையார் ஆறு விசைத்தறிகளை வைத்துக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். பாவும் நூலும் வியாபாரி தருவார். மீட்டருக்கு இவ்வளவெனக் கூலி வரும். பள்ளிப் பருவந்தொட்டே அவள் தார் சுற்றுவாள். அறுந்த இழை முடிவாள். தந்தையார் உணவு கொள்ளும் பொழுது தறிகளைப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு கணிப்பொறிக் கம்பெனியின் ஐந்து நாள் நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் எழுதி, அதனைத் திருத்தித் தருமாறு எம்மிடம் கொணர்ந்தாள். ‘வீட்டில் விசைத்தறி வேலை செய்து பழகியுள்ளேன்’ என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. யாம் அதனை அடித்துவிட்டோம். தந்தையார் தொழில் என்னுமிடத்தில் ‘ஜவுளி வியாபாரம்’ என்று எழுதச் செய்தோம். “ஐயா, அப்பா வியாபாரம் செய்யவில்லையே” என்றாள். “பெரிய இடம் அம்மா, அங்கே இதுவெல்லாம் எதற்கு?” என்றோம். அவள் மறுமொழி கூறவில்லை.

முதல் நாள் கம்பெனியின் வரலாறு கூறிக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டினராம். இரண்டாம் நாள் ஒவ்வொரு மாணவரையும் ஓர் ஊழியர் அருகே அமர்த்தி, அவர் செய்வதைக் காணச் செய்தனர். நாள் முழுவதும் அவர் புதிதாக ஏதோ படைப்பார் என்று நம் பெண் எண்ணியிருந்தாள். அவரோ பாதிப் பொழுதைப் பிறர் எழுதியதைப் படிப்பதிலும், பிழை எங்கே நேர்ந்தது எனத் தேடுவதிலும், அயல்நாட்டு வாடிக்கைக்காரர் உண்மையில் வேண்டுவது யாதென்று கேட்டறிவதிலும் கழித்தனர். “தறியில் நூல் அறுந்த இடம் தேடுவது போலத்தான் ஐயா” என்று பின்னர் எம்மிடம் சொன்னாள். அன்றே அவளுடைய அச்சத்தில் ஒரு பாதி நீங்கிற்றாம்.

மற்றப் பாதி நீங்கவில்லை. உடன் வந்தவருள் பலர்க்குத் தந்தையோ மாமனோ இத்தகைய கம்பெனிகளில் உத்தியோகத்தர். அவர்கள் அதிகாரிகளோடு கூசாமற் பேசினர். தெரியாததைத் தயங்காமற் கேட்டனர். இவள் இரண்டு நாளும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மாணவரைக் குழுக்களாகப் பிரித்து ஒரு வினா கொடுத்தனர். நெய்த துணியிலுள்ள குற்றங்களைக் காமிராவும் கணிப்பொறியும் கொண்டு கண்டுபிடிப்பது எவ்வாறு என்பது வினா. குழுவினர், எத்தனை ஆயிரம் படங்கள் சேர்க்கவேண்டும் என்று வாதித்துக்கொண்டிருந்தனர். நெடுநேரம் கழித்து நம் பெண் பேசினாள். பாவிழை அறுந்தால் குற்றம் துணியின் நீளவாட்டில் கோடாக ஓடும். தறியை நிறுத்தி முடியும்வரை ஓடிக்கொண்டே யிருக்கும். ஊடையில் தவறு நேர்ந்தால் அது குறுக்குவாட்டில் தோன்றும். எண்ணெய்க்கறை இவ்விரு முறைக்கும் அடங்காது. ஆகவே குற்றம் உண்டா இல்லையா என்று காண்பதோடு நில்லாமல், அது செல்லும் திசையையும் கண்டால் காரணம் இன்னதென்று புலப்படும். துணியை மடித்த பிறகு காண்பதினும், தறியிலேயே கண்டு உடனே நிறுத்துவது இலாபம் என்றாள். அருகிருந்த அதிகாரி மற்றவரை நிறுத்தி, மீண்டும் ஒருமுறை சொல்லுமாறு கேட்டார். “இதனை எங்கே கற்றாய்?” என்று வினவினார். “எங்கள் வீட்டில்” என்றாள். “உன் விண்ணப்பத்தில் இஃது இல்லையே!” என்றாராம்.

அன்பர்களே! அவள் அதனை எம்மிடம் கூறியபொழுது குற்றஞ்சாட்டும் குரலிற் கூறவில்லை. ஆயினும், இருபதாண்டுகட்கு மேலாகப் பிழை திருத்தி வரும் எம் கை, அன்று சரியாயிருந்ததை அழித்துவிட்டது என்பதை உணர்ந்து நாணினோம். பிள்ளைகள் தம் வீட்டுத் தொழிலை மறைக்கக் கற்பது எவரிடம்? பெரும்பாலும் எம்போன்ற ஆசிரியரிடமும், உங்களைப்போன்ற பெற்றோரிடமுமே.

ஐந்தாம் நாள் குழுவினர் தம் கருத்தை மேலதிகாரிகள்முன் வைத்தனர். நம் பெண்ணும் பேசினாள். முடிவில் ஒரு சான்றிதழும், அடுத்த ஆண்டு பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்னும் சொல்லும் கிடைத்தன. வேலை கிடைக்கவில்லை. அவள் தந்தையார், “ஐந்து நாள் தார் சுற்றக் கூலிக்கு ஆள் வைத்தேன்; என்ன கொண்டு வந்தாய் அம்மிணி?” என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானதே. அவள் சொன்ன விடை, “இனி எங்கே போனாலும் கேள்வி கேட்பேன் அப்பா” என்பது. தந்தையார் மேலும் ஒன்றும் கேட்டிலர்.

இத்தகைய நிகழ்ச்சிகளை மிகுத்துக் கூறுதல் எம் கருத்தன்று. கம்பெனி தன் நல்ல முகத்தையே காட்டும். தனக்கு வேண்டிய ஆளைத் தெரிந்தெடுத்தலே அதன் நோக்கம். மாணவரும் அவ்வாறே கம்பெனியைச் சீர்தூக்கி வரவேண்டும். ஊதியம் எவ்வளவு, இராவேலை உண்டா, பெண்கள் எந்நிலைவரை உயர்ந்துள்ளனர் என்பவற்றைக் கேட்டறிதல் கடமை. சில நாட் பயிற்சியென்று பெயரிட்டுச் சான்றிதழை விலைக்கு விற்போரும் உளர். பணம் கேட்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பற்க.

இனி நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்றுள. நம்மில் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நூல்மில், கணக்கர் காரியாலயம் முதலியன உடையார் பலர். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஐந்து நாள், தம் உறவினரல்லாத மூன்று பிள்ளைகட்கேனும் கதவைத் திறக்கவேண்டும். அப்பிள்ளைகள் நம் குலத்தாராகவே இருத்தல்வேண்டும் என்பதில்லை. இரண்டாவது, பிள்ளைகளின் விண்ணப்பங்களை எம்போன்ற தமிழாசிரியர் மட்டும் பாராமல், அத்தொழில் அறிந்த ஒருவரும் பார்த்துதவ வேண்டும். மூன்றாவது, வழிச்செலவுக்கும், வீட்டில் அவர் செய்யும் வேலைக்கு மாற்றாள் கூலிக்கும் சங்க நிதியில் ஒரு சிறுதொகை ஒதுக்கவேண்டும். பஸ் கட்டணத்தினும் அக்கூலியே பல வீடுகளில் தடையாக நிற்பது.

நம்மூர்க் குளத்தில் நீராடிய இரு பாலருள் ஒருவனை முதலை விழுங்கிற்று. சில ஆண்டுகள் கழிந்தபின் சுந்தரமூர்த்தி நாயனார் இத் திருப்புக்கொளியூர்க்கு எழுந்தருளியபொழுது, ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலியும், எதிர்வீட்டில் அழுகை ஒலியும் கேட்டன. நாயனார் பாடி மீட்ட பாலன், விழுங்கப்பட்ட அன்றைய ஐந்து வயதினனாக வெளிவரவில்லை. கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் பெற்றே கரையேறினான் என்பது நாம் அனைவரும் அறிந்த வரலாறு. ஒரு வீட்டுப் பிள்ளைகட்குப் பிறப்பிலேயே திறந்திருக்கும் கதவு, எதிர்வீட்டுப் பிள்ளைகட்கு அடைத்திருத்தல் இன்றும் உண்டு. பின்தங்கிய பிள்ளையைக் கரையேற்றுதல் மட்டும் போதாது; தன் தோழனோடு ஒப்ப நிற்கும் வளர்ச்சியும் அதற்குக் கிட்டவேண்டும்.

அம்மாணவி அடுத்த ஆண்டுக்குரிய விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டாள். தந்தையார் தொழில் என்னுமிடத்தில் ‘விசைத்தறி நெசவு’ என்று எழுதியிருக்கின்றாள். திருத்துவதற்கு எம்மிடம் கொண்டு வந்தாள். இரண்டு ஒற்றெழுத்துக்கள் மட்டும் இட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.