துணைக்கால் வாங்கிய மரியம்மாள்

மொழியியல் மாணவர்களும், ஆட்பெயர் ஆய்வாளர்களும், பங்குக் கோயில் ஏடுகளைப் புரட்டியே கண்ணாடி மாற்றிக்கொண்ட பெரியவர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். தலைமை உரை முடியும்வரை யாரும் எழுந்துபோக முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெரியம்மாவின் பெயர் மரியம்மாள். பெரியப்பா இறந்த பிறகு உதவித்தொகைக்கு மனுப் போட்டோம். ஞானஸ்நானச் சான்றிதழில் மரியம்மாள். குடும்ப அட்டையில் மாரியம்மாள். எழுதியவருக்குப் பழகிய பெயர் அது, கை தானாகத் துணைக்கால் போட்டுவிட்டது. அந்த ஒரு காலுக்காக நாங்கள் நான்கு முறை பேருந்து ஏறினோம். கடைசி முறை, "ரெண்டும் ஒரே ஆளுதானா?" என்று கேட்டார்கள். "சாமிக்குத் தெரியும் சார், உங்களுக்குத்தான் தெரியல" என்றார் பெரியம்மா. இந்தக் கருத்தரங்கில் நான் என்ன பேசுவது என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் துணைக்கால்தான்.

அந்தக் காலை வேண்டுமென்றே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாரியும் மேரியும் ஒன்றே, தமிழ் மாரியம்மன்தான் கடல் தாண்டி மரியாளானாள் என்று மேடையில் முழங்குவார்கள், கைதட்டல் விழும். மாரி என்றால் மழை, நம் மொழியின் பழஞ்சொல். மரியாள் எபிரேயத்திலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாக வந்தவள். இரண்டு பெயரும் ஒரே தெருவில் குடியிருக்கலாம், ஒரே காய்ச்சலுக்கு இரண்டு பேரிடமும் நேர்ந்துகொள்ளலாம். அது மக்களின் வழக்கம், ஆய்வுக்குரிய வழக்கமும்கூட. ஒலி ஒத்துப்போவதைச் சொல்லின் பிறப்பாகக் காட்டுவது வேறு. இதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

சரி, எபிரேயத்தில் மிர்யாம் என்பதற்குப் பொருள் என்ன? இங்கேதான் வேடிக்கை. கசப்பு என்றார்கள். கலகம் என்றார்கள். மோசேயின் அக்காள் எகிப்தில் பிறந்தவள் அல்லவா, எகிப்திய மொழியில் 'அன்புக்குரியவள்' என்ற சொல்லிலிருந்து வந்திருக்கும் என்றார்கள். ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ பார்டன்ஹேவர் இந்தப் பெயருக்குச் சொல்லப்பட்ட பொருள்களின் வரலாற்றை மட்டுமே 1895இல் தனி நூலாக எழுதினார். அதில் 60க்கும் மேற்பட்ட விளக்கங்கள் சேர்ந்தன. ஒரு பெயருக்கு அறுபது பொருள் என்றால், உறுதியான பொருள் ஒன்றும் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

அந்த அறுபதில் எனக்குப் பிடித்தது ஜெரோமுடையது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எபிரேயப் பெயர்களுக்கு இலத்தீனில் பொருள் எழுதிவைத்தவர் அவர். மிர்யாமை மர், யாம் என்று பிரித்தார். மர் என்றால் துளி, யாம் என்றால் கடல். ஆக, கடல் துளி: இலத்தீனில் 'ஸ்டில்லா மாரிஸ்'. படியெடுத்த யாரோ ஒருவர் கையில் ஓர் உயிரெழுத்து மாறி 'ஸ்டெல்லா மாரிஸ்' ஆகிவிட்டது என்பது அறிஞர் பலர் ஏற்கும் கருத்து. ஸ்டெல்லா என்றால் விண்மீன். ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிதோர் தம் சொற்பிறப்பு நூலில் மரியாவுக்குக் கடலின் விண்மீன் என்றே பொருள் எழுதிவிட்டார். பிறகு யார் தடுப்பது? மாலுமிகள் அந்த விண்மீனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பாடல்கள் பிறந்தன. சென்னையில் 1947இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி ஒன்றுக்கு அதுவே பெயர். நம் கடற்கரை ஊர்களில் எத்தனை ஸ்டெல்லா, எத்தனை ஸ்டெல்லா மேரி! துளியாக இருந்திருந்தால் இவர்களில் ஒருவருக்கும் இந்தப் பெயர் கிடைத்திருக்காது. பெரியம்மாவுக்கு ஓர் எழுத்தர் துணைக்கால் போட்டார். அவருடைய புனிதைக்கு இன்னோர் எழுத்தர் விண்மீனே கொடுத்துவிட்டார்.

ஆகவே வேர்ப்பொருளைத் தேடி ஓடாதீர்கள் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. பெயர் எந்த வாய் வழியாக வந்தது என்று கேளுங்கள். அதற்குப் பெயரே பதில் சொல்லும்.

நம் விவிலியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஏற்பாட்டில் செங்கடல் தாண்டியதும் தம்புரு எடுத்துப் பாடியவள் மிரியாம். புதிய ஏற்பாட்டில் இயேசுவின் தாய் மரியாள். அண்மைக்கால மொழிபெயர்ப்பில் மரியா. தமிழில் படிக்கிறவருக்கு இருவரும் வெவ்வேறு பெயர்க்காரிகள். மூலத்தில் பெயர் ஒன்றுதான். ஒரு பாதியை எபிரேயத்தின் ஒலிப்படியும் மறு பாதியைக் கிரேக்க, இலத்தீன் ஒலிப்படியும் எழுதியதால் அக்காளுக்கும் அன்னைக்கும் பெயர் பிரிந்துபோயிற்று. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மோசேயின் அக்காளும் மரியாம்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் மரியாம், மரியா இரண்டும் புழங்குகின்றன. மரியா இலத்தீனுக்குள் போனபோது இன்னொரு தற்செயல் காத்திருந்தது: ரோமாபுரியின் மாரியுஸ் குடும்பத்துப் பெண்களும் மரியாக்கள்தான். எபிரேயப் பெண் ரோமானிய உடையைத் தைக்காமலேயே போட்டுக்கொண்டாள்.

அரபு வழி தனி. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண் மர்யம். 34 இடங்களில் அந்தப் பெயர் வருகிறது; 19ஆம் அத்தியாயத்துக்கு அவர் பெயரே தலைப்பு. நம் ஊர்களின் மரியம் பீவி அந்த வழியில் வந்தவர். இறுதி மகர மெய் உதிராமல் வந்திருப்பதைக் கவனியுங்கள்.

அதே மெய் மலையாளத்திலும் உதிரவில்லை. சிரியன் கிறித்தவர்களின் மறியம், மறியாம்மா. சிரியாக் மொழி வழிபாட்டோடு வந்த பெயர் அது, வல்லின றகரத்தோடு எழுதப்படுகிறது. பின்னால் ஐரோப்பியர் வழி வந்த மரியாவையும் மேரியையும் அதே மலையாளிகள் இடையின ரகரத்தில் எழுதுகிறார்கள். பாட்டி மறியம், பேத்தி மரியா: ஒரே வீட்டில், ஒரே புனிதையின் பெயரில், இரண்டு ரகரம். எந்தக் கப்பல் எந்தக் காலத்தில் வந்தது என்பதை வரலாற்று நூலைத் திறக்காமல் எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆட்பெயர் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேண்டுமா?

தமிழ்க் கரைக்கு வந்தவள் போர்ச்சுக்கீசியர் வாயிலிருந்து வந்தாள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1578இல் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சேறியது. இலத்தீன், போர்ச்சுக்கீசிய மரியா நம் வாய்க்கு மரி ஆனாள். அதற்குப் பிறகு தமிழ் தன் வேலையைக் காட்டியது. பெண்பால் விகுதி சேர்த்து மரியாள். அம்மாள் சேர்த்து மரியம்மாள். ஆயி சேர்த்து மரியாயி. பழைய செபப் புத்தகங்களில் பார்க்கலாம்; 1921இல் டப்ளினில் தொடங்கிய ஒரு பக்தசபைக்கு நாம் வைத்த பெயர் இன்றும் மரியாயின் சேனைதான். ஆயி என்றால் தாய். எபிரேயப் பெயரின் வாலில் தமிழ்த் தாய் உட்கார்ந்திருக்கிறாள். மேரி மிகப் பிந்தியவள். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தோடும் கன்னியர் மடத்தோடும் வந்து, மூத்தவர்களையெல்லாம் ஓரம்கட்டிவிட்டாள்.

ஆனால் வகுப்பில் ஏழு மேரி இருந்தால் என்ன செய்வது? இது நம் பள்ளிக்கூடத்துச் சிக்கல் மட்டுமல்ல. இயேசு காலத்து யூதேயாவில் பெண்களுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட இரண்டு பெயர்கள் மரியாவும் சலோமேயும். அதனால்தான் நற்செய்திகளில் மரியா என்று வெறுமனே சொன்னால் போதவில்லை. பெத்தானியா ஊர் மரியா, யாக்கோபின் தாய் மரியா, குளோப்பாவின் மரியா என்று அடையாளம் சேர்க்க வேண்டியிருக்கிறது. மகதலா ஊர்க்காரி என்ற அடையாளம் அடையாளமாகவே நிற்கவில்லை. பெயரைத் தள்ளிவிட்டுத் தானே பெயராகி, மதலேன், மதலேனம்மாள் என்று நம் ஊர்வரை வந்துவிட்டது.

ஸ்பானியர்கள் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள். வியாகுலங்களின் மரியா என்று பெயரிட்டு, மரியாவை விட்டுவிட்டு வியாகுலத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள்: தொலோரஸ். செபமாலை ரொசாரியோ ஆகும். அமலோற்பவம் கொன்செப்சியோன் ஆகும். தொலோரஸ் செல்லமாக லோலா ஆகிவிட்டால் துயரம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நாமும் இதையே செய்தோம். வியாகுல மேரி, செபமாலை மேரி, அமலோற்பவ மேரி, சகாய மேரி, ஆரோக்கிய மேரி, அடைக்கல மேரி. வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியை கூப்பிடுவதோ சகாயம், ஆரோக்கியம், அமலோற்பவம். மேரி எல்லோருக்கும் பொது, ஆகவே யாருக்கும் இல்லை.

இதில் என் ஊகம் ஒன்றைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் பிற்பகல் அமர்வில் மறுக்கலாம். வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையை வளன் என்று மொழிபெயர்த்தார். சூசை என்ற பெயருக்கு எபிரேயத்தில் தெளிவான பொருள் உண்டு: இன்னும் சேர்ப்பார், பெருக்குவார். பொருள் தெரிந்ததால் மொழிபெயர்க்க முடிந்தது. மரியாளின் பொருள்தான் யாருக்கும் பிடிபடவில்லையே! அதனால் தமிழ் அவள் பெயரை அப்படியே விட்டுவிட்டு, அவளுடைய பட்டங்களை மொழிபெயர்த்தது. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா, கோணான்குப்பத்தில் பெரியநாயகி. தஞ்சைப் பெரிய கோயில் அம்மனும் பெரியநாயகிதான் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கோயில் எதுவென்று சொல்ல முடியாது.

பட்டங்கள் நமக்குக் காலக் கணக்கும் தரும். லூர்து மேரி என்று ஓர் ஏட்டில் கண்டால் அந்தப் பதிவு 1858க்கு முந்தியதாக இருக்காது. பிரான்சில் பெர்நதெத் காட்சி கண்ட ஆண்டு அது. பாத்திமா மேரி என்றால் 1917க்குப் பிந்தியது. பாத்திமா கதை இன்னும் ருசியானது. போர்ச்சுக்கலில் காட்சி நடந்த சிற்றூரின் பெயர் பாத்திமா. அரபியர் ஆண்ட காலத்தின் எச்சமாக நின்ற அரபுப் பெயர், நபிகளாரின் மகளுடைய பெயர். அது ஒரு கத்தோலிக்கத் திருத்தலமாகி, அங்கிருந்து மரியாளின் பட்டமாகி, தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு கிறித்தவச் சிறுமியின் பெயராயிற்று. அடுத்த வீட்டில் பாத்திமா பீவி இருக்கிறாள். இரண்டு சிறுமிகளும் ஒரே பெயரை எதிரெதிர் திசைகளிலிருந்து சுமந்து வந்து ஒரே பள்ளி வாசலில் இறக்கி வைக்கிறார்கள்.

கருத்தரங்குக்குப் பெண்பெயர் என்று தலைப்பிட்டிருக்கிறோம். ஆனால் இந்தப் பெயரை ஆண்களும் விடவில்லை. கவிஞர் ரில்கே ரைனர் மரியா; நாவலாசிரியர் ரெமார்க் எரிக் மரியா. நம்மிடம் மரியதாஸ், மரிய சூசை. யாழ்ப்பாணத்தில் மரியநாயகம், மரியாம்பிள்ளை. அயர்லாந்துக்காரர்கள் கன்னிமரியைக் குறிக்க முய்ரே என்ற வடிவத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, மனிதப் பெண்களுக்கு மாய்ரே என்று வேறு வடிவம் வைத்தார்கள். முய்ரேயைத் தொட வேண்டுமானால் 'முய்ரேயின் அடியான்' என்றுதான் பெயர் வைக்க வேண்டும். மரியதாசனுக்கு அயர்லாந்தில் ஓர் அண்ணன் இருக்கிறான். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பங்குகளின் ஞானஸ்நான ஏடுகள் கரையான் வாயில் இருக்கின்றன. அவற்றில் வரும் பெண்களில் பலருக்குப் பட்டா கிடையாது, கல்வெட்டு கிடையாது. அந்த ஒரு வரி மட்டும்தான் சாட்சி. படியெடுக்கும்போது தயவுசெய்து எழுத்தைத் திருத்தாதீர்கள். மரியாயி என்றிருந்தால் மரியாயி. மறிய என்று றகரத்தில் இருந்தால் றகரம். எழுத்தர் தவறாகத் துணைக்கால் போட்டிருந்தால் அதையும் அப்படியே எடுங்கள். நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் மேரி என்று ஒரே சீராக்கித் தட்டச்சு செய்த பட்டியல் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். முந்நூறு பெண்கள், முந்நூறு மேரி. ஏடு அழிந்திருந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். தேநீர் 11 மணிக்கு. தட்டில் வரப்போகும் பிஸ்கட் 1874இல் இலண்டனில் ஓர் இளவரசியின் திருமணத்துக்காக முதன்முதலில் செய்யப்பட்டது. ரஷ்யாவின் மரியா அலெக்சாந்தரோவ்னா என்பது அவர் பெயர். அதைத் தேநீரில் தொட்டுக்கொள்ளும் முன் அந்த வட்டத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுச் சாப்பிடுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.