சிறு நிலத்தின் மரமும் விறகும் வனவுயிரும்

(தோட்டப்புற மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பால்மரம் வெட்டும் தொழிலில் தலையாய பாடம் எது என்று வினவினால், உங்களுள் எவரும் தயங்காது விடை கூறுவீர்கள். பட்டையைச் சீவ வேண்டும். மரத்தைக் காயப்படுத்தக் கூடாது. உளி சற்றே ஆழ்ந்து இறங்கிவிட்டாலும், அந்த இடத்தில் புதுப்பட்டை செம்மையாக வளராது. முண்டும் முடிச்சுமாகத் திரண்டு நிற்கும். அடுத்த முறை அங்கே வெட்டுப் போட இயலாது.

பிரேசில் நாட்டுக் காடுகளில் முற்காலத்தில் கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர். மரங்கள் நலிந்தன. 1877 ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன; அவற்றுள் 9 கோலக்கங்சாரில் நடப்பட்டன. அச்சிறு தொடக்கம் பெருந்தொழிலாக வளர்ந்தமைக்குச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி ஒரு முதன்மைக் காரணர் ஆவார். ஒரே வெட்டின் விளிம்பை மெல்லச் சீவி, மரம் நலியாமல் பல்லாண்டு பாலெடுக்கும் முறையை அவர் ஆய்ந்து பரப்பினார். எடுக்கவும் வேண்டும், எடுக்கப்படுவது அழியாதிருக்கவும் வேண்டும் என்பதே அம்முறையின் உட்பொருள்.

நாள்தோறும் உளி முனையில் நாம் காத்துவரும் இந்நெறியை, நமது சொந்த நிலத்திலும் காக்கின்றோமா? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

சொந்த நிலம் என்பது நம் மக்களுக்கு எளிதில் வாய்த்ததன்று. பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், வேலையும் வீடும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் பல. அந்நிலை கண்டே, துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர் மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தி அதன் பங்குதாரர் ஆயினர். பிற்காலத்தில் சேமிப்பைக் கொண்டு மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் என வாங்கிச் சிறுதோட்டக்காரர் ஆனோரும் உளர். அத்தகைய நிலத்தைப் பிள்ளைகளுக்கு நலிந்த நிலமாகவா, வளமான நிலமாகவா விட்டுச் செல்லப் போகின்றோம்?

மரம்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். பால்மரமும் அத்தகையதே. சுமார் 25, 30 ஆண்டுகள் பால் தருகின்றது. ஓய்ந்தபின் கட்டையும் பயனாகின்றது. முன்னாளில் அக்கட்டை விறகாகவும் கரியாகவுமே போயிற்று. இன்று மூவார் போன்ற இடங்களில் செழித்துள்ள மரச்சாமான் தொழிலுக்கு அதுவே மூலப்பொருள். ஆனால், வெட்டிக் கிடக்கும் பால்மரக் கட்டையில் விரைவில் நீலக்கறை படியும்; வண்டும் துளைக்கும். ஆதலின், வாங்குவோரையும் விலையையும் முடிவு செய்த பின்னரே மரத்தைச் சாய்க்க வேண்டும். முதலில் சாய்த்துவிட்டுப் பின்னர் ஆள் தேடினால், நல்ல அடிமரமும் விறகு விலைக்கே போகும்.

மரத்தைச் சாய்த்தபின் அடிக்கட்டையை என்ன செய்வது? 'கிடக்கட்டும், பிறகு விறகுக்கு ஆகும்' என்று விட்டுவிடுவோர் பலர். இங்கேதான் பெருங்கேடு தொடங்குகின்றது. வெள்ளை வேர் நோய் எனும் பூஞ்சண நோய், பழைய அடிக்கட்டையிலும் மண்ணுள் கிடக்கும் வேர்களிலும் தங்கி வாழக்கூடியது. புதுக்கன்றின் வேர் அவற்றைத் தொடும்போது, வெண்ணிற இழைகளாகப் படர்ந்து அக்கன்றையும் பற்றிக்கொள்ளும். இலை மஞ்சளித்து வாடுவதை நாம் காணும் வேளையில், அடியில் வேர் பெரும்பாலும் அழுகிவிட்டிருக்கும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்கு என நிரை முழுதும் அது பரவும்.

எனவே, மறுநடவுக்கு முன்னரே அடிக்கட்டைகளையும் பெருவேர்களையும் தோண்டி அகற்றிவிட வேண்டும். இளங்கன்றுகளின் அடியில் மண்ணைச் சற்றே விலக்கி, வெள்ளை இழை உண்டா என அவ்வப்போது பார்க்க வேண்டும். கண்டவுடன் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். 1973 ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற ரிஸ்டா எனும் இரப்பர்ச் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியம், மறுநடவு உதவியுடன் இத்தகைய ஆலோசனையும் வழங்கி வருகின்றது. கேட்டுப் பெறுவது நம் உரிமை.

வெட்டிய கிளைகளைத் திறந்த வெளியில் குவித்து எரிக்கலாகாது. சட்டம் விலக்களித்தவை தவிர, திறந்தவெளி எரிப்பு 1974 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமாகும். தண்டனை ஒருபுறமிருக்க, மண்ணுக்கு உரமாக வேண்டியது புகையாய்ப் போகின்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு கிளைகளை நிரைகளுக்கிடையே அடுக்கி மட்கவிடலாம். பால்மரம் இலையுதிர்க்கும் காலத்தில் விழும் சருகையும் கூட்டி எரிக்காமல் நிலத்திலேயே விட்டுவிடுவோமாக. மேட்டு நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் தடுப்பதற்கு, புவேரேரியா முதலிய பயற்றினக் கொடிகளைப் படரவிடுவது நன்று. அவை மண்ணைப் பிடித்து வைப்பதோடு, காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணிற்குச் சேர்க்கின்றன.

விறகு

எரிவாயு அடுப்பு இன்று பெரும்பாலான இல்லங்களில் உண்டு. ஆயினும், திருமணம், கோயில் திருவிழா முதலியவற்றில் பெருஞ்சமையலுக்கு விறகையே நாடுகின்றோம். எரிவாயு தீர்ந்த நாளில் கைகொடுப்பதும் விறகுதான். ஆதலின், விறகை இகழ்வதற்கில்லை. முறையாகச் சேர்ப்பதே தேவை.

முதலாவது, காய்ந்து விழுந்த கிளையும் சுள்ளியும் விறகுக்கு உரியவை. பால் தரும் மரத்தின் பச்சைக் கிளை விறகுக்கு உரியதன்று. இரண்டாவது, விறகுக்கென்றே சில மரங்களை வளர்க்கலாம். கிளிரிசிடியா எனப்படும் சீமைக்கிளுவையின் போத்துகளை வேலியோரம் ஊன்றினால், அவை தழைத்து உயிர்வேலியாகும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கம்பு அடுப்புக்கு, தழை ஆட்டுக்கும் நிலத்திற்கும். இவ்வாறு ஒரு வேலி மூன்று வேலை செய்யும்.

மூன்றாவது, விறகை நன்கு உலர்த்துதல். ஈர விறகை எரித்தால், அதன் வெப்பத்தில் ஒரு பகுதி அவ்விறகின் நீரை ஆவியாக்குவதற்கே செலவாகிவிடும். எஞ்சுவது புகை. அப்புகை அடுப்படியில் நிற்கும் தாய்மாரின் கண்ணையும், அருகில் விளையாடும் குழந்தையின் நெஞ்சையும் கெடுக்கின்றது. பிளந்து, கூரையின் கீழ், காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு, சில மாதங்கள் உலரவிட்ட விறகு குறைந்த அளவில் மிகுந்த வெப்பம் தரும். தீ மூட்டுவதற்கு ஒட்டுப்பால் துண்டுகளைப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கைவிடுவோம். அதன் கரும்புகை தீயது. ஒட்டுப்பாலோ விலைபோகும் பொருள்.

விறகை வெறுந்தரையில் குவிக்கலாகாது. கட்டைகளின்மேல் உயர்த்தி, வீட்டுச் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குதல் வேண்டும். இல்லையேல் கறையான் ஏறும். தேளும் பாம்பும் குடிபுகும். இரவில் எடுக்க நேர்ந்தால் கைவிளக்கின்றிக் கைவிடக் கூடாது.

வனவுயிர்

நம் நிலத்திற்கு வரும் உயிர்கள் யாவும் பகையல்ல. வௌவாலை எடுத்துக்கொள்வோம். டுரியான் மரம் இரவில் பூக்கின்றது. அப்பூவின் தேனை நாடிவரும் வௌவால்களே மகரந்தத்தைப் பூவுக்குப் பூ சேர்க்கின்றன. பெத்தாய் மரத்திற்கும் இவையே துணை. தைப்பூசத்திற்கு நாம் செல்லும் பத்துமலைக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள் இவ்வேலையைச் செய்வதை 1970களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பூக்காலத்தில் வௌவாலைச் சுட்டு வீழ்த்துவோர், தம் டுரியான் பழத்தையே சுட்டு வீழ்த்துகின்றனர் எனலாம்.

அதே வேளையில், எச்சரிக்கையும் தேவை. 1998, 1999 ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிப்பா நோய், பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் பரவிற்று. ஆகவே, வௌவாலைத் தொடுதலும் உண்ணுதலும் வேண்டா. அது கடித்த பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் கூடாது. பழமரத்தடியில் பன்றிக் கொட்டகை அமைத்தலும் ஆகாது. மரத்தின்மேல் அதன் வேலையை அது செய்யட்டும். நாம் விலகி நிற்போம்.

கூகை அலறினால் வீட்டிற்குத் தீங்கு என்று நம்மவரிடையே ஓர் எண்ணம் உண்டு. உண்மையில் தீங்கு எலிகளுக்கே! ஒரு கூகைக் குடும்பம் ஓராண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்று தீர்க்கும். செம்பனைத் தோட்டங்களில் அதற்கென மரப்பெட்டிகள் அமைத்து வரவேற்பதும் இதனால்தான். ஆனால், எலிக்குக் கடுநஞ்சு வைத்தால், அவ்வெலியைத் தின்ற கூகையும் மடியும். ஒரு கையால் வரவேற்று மறு கையால் கொல்லுதல் அறிவுடைமையாகுமா?

எறும்பையும் கறையானையும் தின்னும் அழுங்கு, தீபகற்ப மலேசியாவில் 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்காகும். அதனைப் பிடித்தலும் விற்றலும் கடுந்தண்டனைக்குரியவை. இடைத்தரகர் நீட்டும் சிறு தொகைக்காக ஒரு குடும்பம் சிறைவாசலில் நிற்க வேண்டாம். காட்டுப்பன்றி இளங்கன்றுகளைச் சேதப்படுத்துவது உண்மையே. அதற்கும் கம்பிக் கண்ணி மருந்தாகாது. கண்ணி வைத்தல் குற்றம்; மேலும், அது பன்றியை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை. காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ள நம் நாட்டுப் புலியும், பக்கத்து வீட்டு நாயும், ஓடித் திரியும் சிறுவனின் காலும் அதற்கு ஒன்றே. வேலியிடுவோம், தொல்லை மிகுந்தால் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவுக்கு முறையாக அறிவிப்போம்.

அன்பர்களே, அடிக்கட்டையை விட்டுவைத்தால் அடுத்த மரம் வீழ்கின்றது. வௌவாலை வீழ்த்தினால் பழம் குறைகின்றது. எலிக்கு நஞ்சிட்டால் எலியைத் தின்னும் பறவை மறைகின்றது. சிறு நிலத்தில் எதுவும் தனித்து நிற்பதில்லை. பெருந்தோட்டம் ஒரு நிரையை இழந்தால் தாங்கும்; நான்கு ஏக்கர் நிலம் தாங்காது. அக்குடும்பத்தின் பள்ளிச் செலவும் அரிசிச் செலவும் அந்நிரையிலேயே அடங்கியுள்ளன.

ஆகவே, கோடரியை ஓங்குமுன், கண்ணியை வைக்குமுன், தீக்குச்சியைக் கிழிக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: இது இங்கே என்ன வேலை செய்துகொண்டிருக்கின்றது? விடை தெரிந்தபின் கை வைப்போம். தெரியாவிடில், தெரிந்தவரைக் கேட்போம். பட்டையை மட்டும் சீவி மரத்தைக் காக்கத் தெரிந்த கைகள் நம் கைகள். அக்கைகளுக்கு இது புதிய பாடமன்று.